பதினாறு இடம் வேண்டாம் டீச்சர்: வைப்பின் தீவையும் கொச்சியையும் ஒரே நாளில் பார்க்க

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர் வாயனசாலை (நூலகம்) சார்பில் 42 பேர் ஒரு நாள் கொச்சித் தீவுகளைப் பார்க்க வருகிறோம். பத்துப் பிள்ளைகள், முட்டி வலிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். டூர் ஏற்பாடு செய்பவர் 16 இடங்கள் கொண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரப் படகுச் சவாரியில் எல்லாத் தீவுகளையும் காட்டிவிடலாம் என்கிறார். நாங்கள் சரித்திரம் தெரிந்துகொள்ளத்தான் வருகிறோம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கைடு வேண்டுமா, அண்ணா?”

டீச்சர், நான் வேலந்தாவளத்துக்காரன். கொச்சிக்கு வந்து 20 வருடத்துக்கு மேலாகிறது. தமிழ்க் குழுக்களை அழைத்துக்கொண்டு இந்தத் தீவுகளைச் சுற்றுவதுதான் என் வேலை. நம்ம பக்கத்து ஆட்கள் வருகிறார்கள் என்றாலே எனக்குச் சந்தோஷம். பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படகுச் சவாரியை எடுத்துவிடுங்கள். எர்ணாகுளத்தில் ஏறினால் போல்காட்டி, வல்லார்பாடம், வில்லிங்டன் தீவு, வைப்பின் முனை எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்தே காட்டுவார்கள். “வலது பக்கம் பாருங்க, டச்சுக்காரங்க 1744ல் கட்டின அரண்மனை” என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். எல்லோரும் வலது பக்கம் திரும்புவதற்குள் இடது பக்கம் கப்பல் வந்துவிடும். காற்று நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் காலை வைக்காத இடத்தின் சரித்திரம் மனதில் நிற்பதில்லை. இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான். ஊர் திரும்பிய பிறகு ஆட்கள் பேசுவது அவர்கள் நின்று தொட்டுப் பார்த்த இரண்டு மூன்று இடங்களைப் பற்றி மட்டும்தான்.

அடுத்தது திசை. எல்லோரும் எர்ணாகுளத்தில் தொடங்கி, கூட்டத்தோடு கூட்டமாக ஃபோர்ட் கொச்சியில் முடிப்பார்கள். வைப்பினின் வடக்கு முனைக்கு வருவதற்குள் இருட்டிவிடும். நீங்கள் திருச்சூர் வழியாகத்தான் வருகிறீர்கள், அதனால் எர்ணாகுளத்துக்குள் நுழையவே வேண்டாம். திருச்சூரிலிருந்து கொடுங்கல்லூர், பறவூர், செறாயி என்று வந்து தீவின் வடக்குப் பக்கத்தில் ஏறுங்கள். அங்கிருந்து தெற்கே இறங்கி வந்து, கடைசியில் ஜங்காரில், அதாவது வண்டிகளையும் ஏற்றுகிற படகில், ஃபோர்ட் கொச்சிக்குக் கடந்து போங்கள். குதிரான் சுரங்கம் வந்த பிறகு பாலக்காட்டிலிருந்து திருச்சூர் வருவது எளிதாகிவிட்டது. காலை 5 மணிக்குப் பஸ் கிளம்பினால் 9 மணிக்குப் பள்ளிப்புறம் வந்துவிடலாம்.

இந்தத் திசையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த ஊர்களின் கதை தண்ணீரில் தொடங்குகிறது, அந்தத் தண்ணீர் வடக்கேதான் கடலில் சேர்கிறது. கொடுங்கல்லூரைத் தாண்டும்போது பஸ்ஸை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் அந்த ஆற்றைக் காட்டுங்கள். பேரியாற்றின் ஒரு கிளையும் சாலக்குடி ஆறும் கூடி முனம்பத்தில் கடலுக்குள் போகின்றன. சாலக்குடி ஆறு எங்கே பிறக்கிறது? பரம்பிக்குளம், சோலையாறு பக்கத்து ஆனைமலைக் காடுகளில். நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் தெரிகிற மலைகளுக்குப் பின்னால் பெய்த மழைதான் டீச்சர், இங்கே வந்து உப்பாகிறது. பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

அந்த ஆற்றின் வாயில்தான் முசிறி. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய ஊர் என்று சங்கப் புலவர்கள் பாடியது இந்தக் கரையைத்தான். இது நீங்கள் வகுப்பில் நடத்திய பாடம், நான் சொல்ல வேண்டியதில்லை. பறவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் நிறையக் கிடைத்தன. முசிறி இதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கைடு யாராவது “இதுதான் முசிறி, சந்தேகமே இல்லை” என்று அடித்துப் பேசினால், இன்னொரு பக்கமும் உண்டு என்று நீங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

1341ல் பேரியாற்றில் ஒரு பெருவெள்ளம் வந்தது. கொடுங்கல்லூர்த் துறைமுகம் மணல் மூடிப் பாழானதும், தெற்கே கொச்சியில் கடலுக்குப் புதிய வாய் திறந்ததும் அந்த வெள்ளத்தில்தான் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆறு கொண்டுவந்து வைத்த மண்ணில் உருவான தீவு என்பதால் வைப்பின் என்று பெயர் வந்தது என்பார்கள். “புதுவைப்பு ஆண்டு” என்று 1341லிருந்து ஒரு ஆண்டுக் கணக்கே இந்தப் பக்கத்தில் வழங்கியிருக்கிறது. ஒரு தீவு பிறந்ததிலிருந்து வருடத்தை எண்ணியிருக்கிறார்கள்! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை. கொச்சி துறைமுகமானது, போர்த்துகீசியர் வந்தது, டச்சுக்காரர் வந்தது, கோட்டையும் தேவாலயமும் அரண்மனையும் எழுந்தது எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. வைப்பினில் கால் வைக்கும்போது பிள்ளைகளுக்கு இது தெரிந்திருந்தால் மற்ற இடங்கள் தானாகக் கோத்துக்கொள்ளும்.

சரி, பள்ளிப்புறம் கோட்டை. ஊர்க்காரர்கள் ஆயிக்கோட்டை என்பார்கள். 1503ல் போர்த்துகீசியர் கட்டியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு. இந்தியாவில் இன்றும் நிற்கிற ஐரோப்பியக் கோட்டைகளில் மிகப் பழையது இதுதான் என்று சொல்வார்கள். ஆனால் பெரிய கோட்டையை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பாலக்காட்டுக் கோட்டையின் ஒரு மூலைக்குள் இதை வைத்துவிடலாம். ஆறு பக்கச் சுவர்கள், செம்பாறாங்கல்லும் சுண்ணாம்பும். உயரம் சுமார் 34 அடி, சுவரின் கனம் சுமார் 6 அடி. கூரை போய்விட்டது. உள்ளே நின்றால் தலைக்கு மேல் ஆறு மூலை ஆகாயம்.

இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்குத் திறப்புகள் இருக்கின்றன. பீரங்கிக்கும் துப்பாக்கிக்குமானவை. பிள்ளைகளை ஆளுக்கொரு திறப்பில் நிற்க வைத்து, “என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். தண்ணீர்ப் பக்கம் நிற்கிற பிள்ளைக்குக் காயல் தெரியும், உள்நாட்டிலிருந்து மிளகு ஏற்றிவரும் எந்த வள்ளமும் இந்தக் கண்ணில் படாமல் போக முடியாது என்பது தானே விளங்கிவிடும். வெடிமருந்து வைத்திருந்த நிலவறையும் உண்டு, அதையும் காட்டச் சொல்லுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு ஏற்றம் அதிகமில்லை, மெதுவாக வந்துவிடலாம்.

இந்தச் சின்னக் கோட்டையை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணம் 1789. டச்சுக்காரர்கள் 1661ல் இதைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, மைசூரிலிருந்து திப்பு சுல்தான் நெருங்குகிறார் என்ற நிலையில், இதையும் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் திருவிதாங்கூருக்கு விற்றுவிட்டார்கள். கொச்சி ராஜா எனக்குக் கப்பம் கட்டுகிறவர், கொடுங்கல்லூர் அவருடைய மண், அதை டச்சுக்காரன் எப்படி விற்கலாம் என்பது திப்புவின் வாதம். அந்த வருடம் டிசம்பரில் அவர் படை நெடுங்கோட்டையைத் தாக்கியது. நெடுங்கோட்டை என்பது மேற்கே இந்தக் கழிமுகத்தில் தொடங்கிக் கிழக்கே ஆனைமலை வரை திருவிதாங்கூர் எழுப்பிய நீண்ட மண் அரண். அதிலிருந்து மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. ஹைதர் அலி 1766ல் கட்டிய நம்ம பாலக்காட்டுக் கோட்டை 1790ல் பிரிட்டிஷார் கைக்குப் போனது அந்தப் போரில்தான். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போகிற பாலக்காட்டுக் கோட்டைக்கும் இந்த ஆறு மூலைச் சுவருக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது.

பக்கத்திலேயே போர்த்துகீசியர் காலத்து மஞ்ஞுமாதா தேவாலயம் இருக்கிறது, பனிமாதா என்று நாம் சொல்வது. வேண்டுமானால் பத்து நிமிடம். முனம்பம் மீன்பிடித் துறைமுகத்தைப் பிள்ளைகள் விரும்புவார்கள். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த நாட்களில் வந்தால் எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடக்கும்.

செறாயிக்கு வாருங்கள். கடற்கரைக்கென்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஊர் இது. பட்டியலில் உங்களுக்கும் “செறாய் பீச்” என்றுதான் போட்டிருப்பார்கள். கடலில் அரை மணி நேரம் கால் நனைக்க விடுங்கள், அது பிள்ளைகளின் உரிமை. ஆனால் கெளரீசுவரர் கோயிலை விட்டுவிடாதீர்கள். பெயர் அப்படி இருந்தாலும் உள்ளே இருப்பது முருகன். மலையாளப் பழனி என்று அழைக்கிறார்கள். 1912ல் நாராயண குரு பிரதிஷ்டை செய்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் பழனி என்ற சொல்லைக் கேட்டாலே நின்றுவிடுவார்கள், அதனால் நடை சாத்துவதற்கு முன், 10 மணியளவில் அங்கே இருப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செறாயியில் என் கணக்கில் மிக முக்கியமான இடம் இன்னொன்று. கட்டடமாகப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. 1917 மே 29 அன்று இந்த ஊரில் ஒரு விருந்து நடந்தது. ஏற்பாடு செய்தவர் இங்கே பிறந்த அய்யப்பன் என்ற இளைஞர், பின்னாளில் சகோதரன் அய்யப்பன் என்று கேரளம் முழுவதும் அறிந்தவர். அன்று சேர்ந்து உண்ணாத இரண்டு சாதியாரான ஈழவர்களும் புலையர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிச்ரபோஜனம், அதாவது கலந்துண்ணல், என்பது அதன் பெயர். சாப்பாடு என்று சொல்லும்படி பெரிதாகக்கூட இல்லை, சேர்ந்து உட்கார்ந்ததுதான் விஷயம். அவருடைய சொந்தச் சமூகத்தாரே அவரை ஒதுக்கி வைத்தார்கள், “புலையன் அய்யப்பன்” என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார். நாராயண குரு அவர் பக்கம் நின்றார். இந்த மனிதர் பிற்பாடு கொச்சி அரசில் அமைச்சரானார். ஊரில் நினைவகம் இருக்கிறது, போங்கள். ஒருமுறை நம்ம பக்கத்திலிருந்து வந்த குழுவில் ஒரு முதியவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தன் சின்ன வயதில் டீக்கடையில் தனக்குத் தனியாக வைத்திருந்த சிரட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூட வந்த பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. அன்று அரை மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பினோம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

செறாயியிலிருந்து தெற்கே தீவின் நீளம் முழுக்க ஒரே சாலை, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வழியெல்லாம் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும். அவை பொக்காளி வயல்கள், சாதாரணக் குளங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் நெல் போடுவார்கள். உப்பைத் தாங்கி ஆள் உயரத்துக்கு வளரும் நெல் அது. அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்துவிட்டு, தாளை விட்டு, கடல் ஏற்றத்தைத் திறந்துவிட்டு அதே வயலில் இறால் வளர்ப்பார்கள். தாள் அழுகி இறாலுக்கு இரை, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். உங்கள் குழுவில் பாதிப் பேர் விவசாயிகளாகத்தான் இருப்பார்கள். கோட்டையைவிட இதில் அவர்களுக்குக் கேள்வி அதிகம் இருக்கும். எடவனக்காடு, ஞாறக்கல் பக்கத்தில் வயலோரம் யாராவது நின்றால் நிறுத்திப் பேசுங்கள். நம்ம தமிழ் அவர்களுக்குப் புரியும், அவர்கள் மலையாளம் உங்களுக்குப் புரியும், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கடல் ஏறும் நாட்களில் வீட்டு முற்றம் வரை உப்புத் தண்ணீர் வருவதையும் அவர்களே சொல்வார்கள். வேலியேற்றம் என்பார்கள். 2004 சுனாமி எடவனக்காட்டில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. வெள்ளம் கொடுத்த தீவைத் தண்ணீர் இன்னும் விடவில்லை.

அப்புறம் எளங்குன்னப்புழை. இங்கேயும் முருகன் கோயில், மிகப் பழையது. நீங்கள் வரும் நேரத்துக்கு நடை சாத்தியிருக்கலாம், பரவாயில்லை, வெளியே மர நிழலில் நின்று ஒரு கதை சொல்ல வேண்டும். 1503ல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி, போர்த்துகீசியரை ஒப்படைக்கச் சொல்லிக் கொச்சி மீது படையெடுத்தார். கொச்சி ராஜா மறுத்தார். கொச்சி எரிந்தது. ராஜா தண்ணீரைக் கடந்து வைப்பினுக்கு வந்து, இந்தக் கோயிலின் அடைக்கலத்தில் இருந்தார் என்பார்கள். அந்த வருடம் செப்டம்பரில் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்து அவரைத் திரும்ப அரியணையில் ஏற்றின. அதற்கு விலையாகத்தான் கொச்சியில் அவர்களுக்குக் கோட்டை கட்ட அனுமதி. இந்தியாவில் ஐரோப்பியர்களின் முதல் கோட்டை அது.

அந்த ராஜா நமக்கு அந்நியரும் அல்ல, டீச்சர். சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை உட்பட, கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பிரிட்டிஷாரின் மலபாரும் கோயம்புத்தூரும் இருக்க, நடுவில் கொச்சி ராஜாவின் துண்டு நிலம். உங்கள் வாயனசாலையில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தாத்தா காலத்துப் பட்டா ஏதாவது இருந்தால் அதில் கொச்சி சர்க்கார் என்றுதான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் மதியம் போகப்போகிற ஃபோர்ட் கொச்சி அந்த ராஜ்ஜியத்தில் இல்லை. 1795ல் பிரிட்டிஷார் டச்சுக்காரரிடமிருந்து பிடித்து, அதை மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தோடு வைத்துக்கொண்டார்கள். 1956 நவம்பர் 1ல் கேரளம் உருவாகும் வரை அந்தக் கோட்டைத் தெருக்கள் மதராஸைச் சேர்ந்தவை. கொச்சி என்று பெயர் உள்ள இடம் மதராஸில் இருந்தது, கொழிஞ்சாம்பாறை கொச்சியில் இருந்தது. இதைச் சொன்னால் வண்டியே கலகலவென்று ஆகிவிடும், யார் எந்த ஊர் என்று வாக்குவாதம் தொடங்கிவிடும். நல்ல வாக்குவாதம் அது.

மதியச் சாப்பாட்டை வைப்பினிலேயே முடித்துவிடுங்கள். சைவக்காரர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும், இந்தத் தீவில் மீன் இல்லாத சாப்பாடு தேடுவது சிரமம். பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் கழிப்பறை இருக்கிற ஓட்டலாகப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள். ஃபோர்ட் கொச்சியில் கூட்டத்தில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தீவின் தெற்கு முனையில் எல்லோரும் இறங்கிக்கொண்டு, பஸ்ஸை கோஸ்ரீ பாலம் வழியாகச் சுற்றி ஃபோர்ட் கொச்சிக்கு அனுப்பிவிடுங்கள். அது வந்து சேர நேரமாகும், நீங்கள் ஜங்காரில் சில நிமிடங்களில் எதிர்க்கரை போய்விடலாம். இப்போது ஓடுவது 2018ல் வந்த ரோ-ரோ, வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றுவது. ஊர் வாயில் ஜங்கார்தான். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் கடப்பது 1341ல் திறந்த அந்தக் கடல்வாயைத்தான். இடது பக்கம் உள்ளே தெரியும் வில்லிங்டன் தீவு மனிதன் போட்டது. 1920ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்து, கப்பல்களைத் தடுத்த மணல் திட்டை வெட்டி எடுத்து, அள்ளிய மண்ணைக் கொண்டே உண்டாக்கிய தீவு. அன்றைய மதராஸ் கவர்னர் வில்லிங்டன் பெயர் அதற்கு. ஒரு தீவு ஆறு போட்டது, இன்னொன்று மனிதன் போட்டது, இரண்டுக்கும் நடுவே நீங்கள் மிதந்துகொண்டிருப்பீர்கள். அந்தப் பெரிய படகுச் சவாரி வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இந்தச் சின்னச் சவாரியே ஈடு. வல்லார்பாடம் மாதா கோயிலுக்கு நேர்ச்சை உள்ளவர்கள் குழுவில் இருந்தால் மட்டும் அதற்கென்று தனியாக வாருங்கள், அவசரத்தில் தரிசிக்கிற இடம் அது இல்லை.

ஃபோர்ட் கொச்சியில் முதலில் புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார், இங்கே புதைத்தார்கள். பிறகு எச்சங்களை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று கம்பி வேலிக்குள் இருப்பது அந்தப் பழைய இடத்தின் கல் மட்டும்தான். எல்லோரும் அந்தக் கல்லைப் படம் எடுத்துவிட்டு ஓடுவார்கள். நீங்கள் சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் போர்த்துகீசியக் கல்லறைப் பலகைகள், எதிர்ப்பக்கம் டச்சுப் பலகைகள். 1663ல் டச்சுக்காரர் வந்து இதைச் சீர்திருத்தச் சபையாக்கினார்கள், பிரிட்டிஷார் காலத்தில் ஆங்கிலிக்கன் ஆனது, இன்று தென்னிந்தியத் திருச்சபை. கட்டடம் ஒன்று, ஆண்டவர்கள் மூவர். மேலே தொங்கும் நீளத் துணி விசிறிகளை வெளியே நின்று ஒருவர் கயிற்றில் இழுத்திருக்கிறார். அந்த இழுத்த ஆளுக்குப் பலகை கிடையாது.

தமிழாசிரியையாகிய உங்களுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. இந்த ஊரில், 1579ல், தமிழ் எழுத்தில் ஒரு புத்தகம் அச்சாயிற்று. கிரிசித்தியானி வணக்கம். அதற்கு முந்திய வருடம் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறியது அப்போதுதான் முதல் முறை. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நம் மக்கள் அழைத்த என்றிக்கே என்றீக்கஸ். ஃபோர்ட் கொச்சியில் தமிழ்க் குழுக்களிடம்கூட இதை யாரும் சொல்வதில்லை. வாயனசாலைக்காரர்கள் இதைக் கேட்காமல் திரும்பினால் எனக்கு மனம் ஆறாது. தேவாலயத்துக்கு எதிரே மைதானத்து மர நிழலில் எல்லோரையும் உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள்.

அங்கிருந்து பஸ்ஸில் ஏறி, வெளி என்ற இடத்தில் இருக்கும் டோபி கானா என்ற சலவைக்கூடத்துக்குப் போங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள்தான் அங்கே வெளுக்கிறவர்கள். முன்பு குளங்களில் வெளுத்தவர்களுக்கு 1976ல் இந்த இடம் கட்டிக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தொட்டியும் துவைகல்லும் கொண்ட தனித் தடுப்பு. பின்னால் திறந்த வெளியில் கொடிகள். கிளிப் ஒன்றுகூட இருக்காது. இரண்டு கயிறுகளை முறுக்கி இழுத்துக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள், கடல் காற்றிலும் பறக்காது. கஞ்சி போட்டு, கரிப் பெட்டியில் தேய்க்கிற வாசனை உள்ளே போனதுமே தெரியும்.

இவர்கள் வீட்டில் பேசுவது இன்றும் தமிழ்தான், மலையாளம் கலந்த பழந்தமிழ். உங்கள் சனங்கள் பேச ஆரம்பித்தால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஒரு வேண்டுகோள்: இது வேலை செய்கிற இடம், காட்சிசாலை இல்லை. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து வழியை மறிக்கக் கூடாது. 42 பேரும் ஒரேயடியாக நுழையாமல் இரண்டு பகுதியாகப் போங்கள். அரண்மனையும் கோட்டையும் எழுப்பியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் உடுப்பை வெளுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்றே முக்கால் மணிக்குள் முடிந்தால் மட்டாஞ்சேரி அரண்மனை. டச்சு அரண்மனை என்பார்கள், ஆனால் சுமார் 1555ல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, டச்சுக்காரர் பின்னால் பழுது பார்த்தார்கள். நேராகப் பள்ளியறைக்குப் போய் இராமாயணச் சுவரோவியங்களின் முன் நில்லுங்கள், மற்ற அறைகளைத் திரும்பும் வழியில் பார்க்கலாம். பக்கத்தில் 1568ல் எழுந்த யூதர் ஆலயம். சின்ன இடம், 42 பேருக்கு நெருக்கடி. அதற்குப் பதில் காலையில் பறவூரில் இறங்கினால் அங்கே 17ஆம் நூற்றாண்டு யூதர் ஆலயத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நின்று நிதானமாகப் பார்க்கலாம். நான் பறவூரையே சொல்வேன். மட்டாஞ்சேரிதான் என்றால் வெள்ளி, சனி வரவே வராதீர்கள். அரண்மனை வெள்ளி விடுமுறை, யூதர் ஆலயம் சனிக்கிழமை ஓய்வுநாள். புதிதாக வேலைக்கு வந்த காலத்தில் ஒரு குழுவைச் சனிக்கிழமை கூட்டிவந்து பூட்டிய கதவின் முன் நிறுத்திவிட்டேன், ராமநாதபுரத்திலிருந்து ராத்திரி முழுக்க வந்தவர்கள். அந்த முகங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. ஞாயிறு காலை தேவாலயங்களில் வழிபாடு இருக்கும், ஆனால் நீங்கள் அங்கே மதியம்தான் போவீர்கள் என்பதால் ஞாயிறு உங்களுக்குச் சரிப்படும்.

கைடு வேண்டுமா என்று கேட்டீர்கள். 42 பேருக்குக் கட்டாயம் ஒருவர் வேண்டும். சுற்றுலாத் துறை உரிமம் உள்ளவராக, தமிழ் பேசுபவராக, வைப்பினும் தெரிந்தவராக இருக்க வேண்டும். வெறும் ஃபோர்ட் கொச்சி கைடு செறாயியில் வாயடைத்துவிடுவார். போனில் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சீனவலையை இங்கே யார் கொண்டுவந்தார்கள்?” குப்ளாய் கானின் ஆட்கள் என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள். சீன வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை, சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு கதை, அந்த வலையின் பல பாகங்களுக்குப் போர்த்துகீசியப் பெயர்கள் இருக்கின்றன. இரண்டையும் சொல்கிறவரை வைத்துக்கொள்ளுங்கள். கடைகளுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், கமிஷனுக்காக ஒரு மணி நேரம் நறுமணப் பொருள் கடையில் கரைந்துவிடும். செறாயிக் கதையையும் அச்சுக் கதையையும் மட்டும் அவரிடம் விடாதீர்கள், அவை நீங்கள் சொல்ல வேண்டியவை.

கடைசியாக ஐந்தரை மணிக்குச் சீனவலைகளுக்குப் போங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். கயிற்றில் வரிசையாகக் கற்கள் கட்டி எடையைச் சமன்படுத்தியிருப்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால் அத்தனை பெரிய வலை எழுந்துவிடும். கேட்டால் பிள்ளைகளையும் ஒரு முறை கயிறு இழுக்க விடுவார்கள். அதற்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள், மீன் குறைந்து போன காலத்தில் அவர்களுக்கு வருமானம் அதுவும்தான். எதிர்க்கரையில் விளக்கு ஏறுகிற வைப்பினைப் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆறரைக்குப் பஸ்ஸை எடுத்தால் இராத்திரி பதினோரு மணிக்குள் ஊர். தேதி முடிவானதும் சொல்லுங்கள், அன்றைய ஜங்கார் நேரமும் எளங்குன்னப்புழை நடை நேரமும் கேட்டு வைக்கிறேன்.